உள்ளே எழுதுறாங்க

“டேய் ராபினு, டிவிய போடுடா. ஃபைனல் ஆரம்பிச்சு எம்மாம் நேரம் ஆவுது!”

“உஷ்... மெதுவா பேசும்மா. உள்ள ஏஞ்சலின் எழுதிக்கினு கீறா” என்றபடி ராபின் ரிமோட்டை எடுத்து பீரோ மேல் வைத்தான்.

ரோசம்மாள் மூடியிருந்த கதவை முறைத்தாள். “ஞாயித்துக்கிழமையுமா? உலகமே மேட்ச் பாக்குது. உம் பொண்டாட்டிக்கு நாளு கெழமையே கெடயாதா?”

“டெய்லி ஒரு பாகம் போட்டாவணும்மா. லேட்டானா படிக்கறவங்க பேஜாரு பண்றாங்க. எங்க கேன்டீன்லயே, ‘உங்க ஊட்டுக்காரம்மா அந்தப் பொண்ண யாருக்குக் கட்டி வெக்கப் போறாங்க?’ன்னு என்னைத்தான் புடிச்சிக்கறானுங்க.”

சொல்லும்போதே அவன் முகத்தில் பெருமை வழிந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். ஷிப்ட், சமையல், துணி எல்லாம் முடித்துவிட்டுத்தான் ஏஞ்சலின் செல்போனோடு அந்த அறைக்குள் போவாள். ஆப் ஒன்றில் அவள் எழுதும் தொடர்கதைக்கு ஏகப்பட்ட வாசகர்கள். அவள் எழுதும் நேரத்தில் வீட்டில் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது என்பது ராபின் போட்ட சட்டம். அதற்காக, கிரிக்கெட் என்றால் சோறு தண்ணி மறக்கிற அவன், இன்று டிவியையே அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

“ஐயய்யோ... போச்சே!”

உள்ளேயிருந்து ஏஞ்சலினின் குரல். ரோசம்மாள் பதறி எழுந்தாள். “இன்னாடா ஆச்சு அவளுக்கு?”

“உக்காரும்மா. கதையில யாரோ செத்துட்டாங்க போல. எழுத உக்காந்தா அவ அப்படித்தான். தானா அழுவா, தானா சிரிப்பா.”

பக்கத்து வீட்டுக் குப்புராஜ் வாசலில் தலையை நீட்டினார். “இன்னாபா, ஃபைனல் அன்னிக்கு உன் ஊட்ல சத்தமே காணோம்? எங்கூட்டுக்கு வாயேன். மேட்ச் டைட்டா போய்க்கினு கீது.”

ராபினுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அவன் எழுந்தே விட்டான். பிறகு அம்மாவைப் பார்த்தான். இவன் அந்தப் பக்கம் போனால் போதும், இந்தப் பக்கம் கதவைத் தட்டிவிடுவாள்.

“இல்லணா, நீங்க பாருங்க. ஸ்கோர் மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம்... கொஞ்சம் சவுண்ட கம்மி பண்ணிக்கங்கணா. உள்ள எழுதறாங்க.”

காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துவிட்டுக் குப்புராஜ் போனார்.

“சரி, ஒரு டீயாச்சும் போடச் சொல்லுடா அவள.”

“நான் போடறேம்மா.”

அம்மாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துப் போய் ராபின் கதவை மெல்லத் தட்டினான். கதவு கையளவு திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து டம்ளரை வாங்கியது.

“தேங்க்ஸுங்க. க்ளைமாக்ஸ்ல கீறேன். யாரும் கூப்புடாதீங்க.”

“நீ நிதானமா பண்ணும்மா. நான் பாத்துக்கறேன்.”

கதவு சாத்திக்கொண்டது. தெருவில் திடீரென்று ஒரே கூச்சல். ராபினின் கை சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போனது. ஸ்கோரைப் பார்த்தால் தன்னை மறந்து கத்திவிடுவோம். கையை எடுத்துக்கொண்டான். நாற்காலியைக் கதவுக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

உள்ளே ஏஞ்சலின் ஒரு வாய் டீ குடித்துவிட்டு, கூட வேலை பார்க்கும் தோழி தமிழ்ச்செல்விக்குக் கிசுகிசுப்பாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“கதையா? அத நேத்தே கம்பெனி பஸ்ல முடிச்சிட்டேன்டி. தெனமும் அங்கதான எழுதறேன்! போன ஃபைனல இவங்களோட உக்காந்து பாத்தேன். ஒருத்தருக்குத் தண்ணி, ஒருத்தருக்கு அப்பளம்னு பாதி மேட்ச் அடுப்பாண்டயே போச்சு. எழுதறேன்னு சொன்னாத்தான்டி யாரும் கூப்புட மாட்றாங்க. பாவம் எங்கூட்டுக்காரரு, நாளைக்கு அவரோட உக்காந்து, ஒண்ணுமே தெரியாத மாதிரி ஹைலைட்ஸ் பாக்கணும்... இரு இரு, கடைசி ஓவர் போட வர்றான்!”