பாமா டீச்சரின் மைக்ராஸ்கோப்

ஒருவழியாகத் தாபோடிப் பள்ளிக்கு மைக்ராஸ்கோப் வந்தேவிட்டது. சயன்ஸ் டீச்சர் பாமாதான் பெட்டியைப் பிரித்தாள்.

“பவனா ஆத்துத் தண்ணியை முதல்ல நீங்கதான் பாக்கணும். டிரஸ்ட் டிரஸ்டா எழுதிப்போட்டு கிராண்ட் வாங்கறது லேசா என்ன?” என்றாள் போன வாரம் வேலைக்குச் சேர்ந்த வைஜயந்தி.

பாமா கண்ணை வைத்தாள். ஒரே சொட்டுக்குள் என்னென்னவோ நீந்தின. கண் கலங்கி, எல்லாம் மறைந்து போயிற்று.

“உங்க உழைப்பு வீண்போகலை டீச்சர்.”

“இதுக்கு எழுதிப்போட்டது நானில்லை. எனக்கு முன்னாடி இங்கே இருந்த மங்கையர்க்கரசி. இது வர்றதுக்குள்ள அவ வீட்டுக்காரரை ஜோத்பூருக்கு மாத்திட்டாங்க.”

“அப்ப நீங்க எதுக்கும் எழுதினதே இல்லையா?”

“எழுதாம இருப்பேனா? எங்க வீட்டுக்காரரும் மிலிட்டரிதானே. மூணு ஊர்ல எழுதினேன், மூணுக்கும் கிராண்ட் கிடைச்சுது. அதுல ஒரு பெட்டியைக்கூட நான் பிரிச்சதில்லை.”

வைஜயந்தி காலிப் பெட்டியை மூடி வைத்தாள்.

“இங்கேயும் டெலஸ்கோப் கேட்டு எழுதியிருக்கேன். மார்ச்சுல நாங்க கிளம்பறோம். அது வந்ததும் நீ பிரிச்சுப் பாரு, வைஜயந்தி. சனி கிரகத்தோட வளையம்கூட நல்லாத் தெரியுமாம்.”