பாலத்தில் தொங்கும் மேஜர்

“சிஸ்டர், நீங்களே நியாயம் சொல்லுங்க. நாளைக்குக் காலையில என் நெஞ்சைப் பிளக்கப் போறாங்க. இன்னிக்கு ஒரு முக்கால் மணி நேரம் டி.வி. பார்த்தா குடியா முழுகிடும்?”

ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸிடம் லாரிக்காரர் இப்படித்தான் ஆரம்பித்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி. மடியில் கைப்பை, கைப்பைக்குள் அந்த அறை டி.வி.யின் ரிமோட். எவன் வந்து கேட்டாலும் தரமாட்டேன் என்று ஜிப்பின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஆபரேஷன் முடியட்டும். அப்புறம் பார்க்கலாம்.”

விஷயம் இதுதான். ஊரே பைத்தியமாகக் கிடக்கும் அந்த ஆக்‌ஷன் தொடரின் மூன்றாவது சீசன் இன்றைக்கு ஆரம்பம். போன சீசன் முடியும்போது நாயகன் மேஜரைப் பாலத்தில் ஒற்றைக் கையில் தொங்கவிட்டுவிட்டு, கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

“ஒரு வருஷமா தொங்கிட்டு இருக்கான் சிஸ்டர். பாவம், கை என்னத்துக்கு ஆகும்!”

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டூட்டி மட்டும் இல்லையென்றால் அவளும் இந்நேரம் டி.வி. முன்னால்தான் இருந்திருப்பாள்.

“பார்க்கட்டுமேம்மா. டாக்டரே சரின்னு சொல்லிட்டாரே.”

“டாக்டருக்கு என்ன? அவரா இவரோட குடித்தனம் பண்றாரு?”

அதற்குள் வராந்தாக் கடைசியிலிருந்த ஹாலில் தொடரின் இசை கிளம்பிவிட்டது. நோயாளிகளும் பார்க்க வந்தவர்களுமாய் அந்த மாடியே அங்கேதான் கூடியிருந்தது. லாரிக்காரர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக் காதைத் தீட்டிக்கொண்டார்.

“ஐயய்யோ!” என்று ஹாலே அலறியது.

“போச்சு, கையை விட்டுட்டான்!”

அடுத்த நொடி ஒரு விசில்.

“இல்ல இல்ல, எதையோ பிடிச்சுட்டான்! அவன் யாரு, மேஜராச்சே!”

பிறகு சத்தத்தையே காணோம்.

“ஏன் கம்முனு ஆயிட்டாங்க? செத்துகித்துப் போயிட்டானா? சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒரு எட்டு பார்த்துட்டு வாங்களேன்.”

ஹாலில் யாரோ சிரித்தார்கள்.

“சாவுல யாராவது சிரிப்பாங்களா? அப்போ செத்தது வில்லன்தான்!”

“விளம்பரம் போட்டிருப்பான்” என்றார் அந்தம்மா, முகத்தை இந்தப் பக்கம் திருப்பாமலே.

லாரிக்காரர் பொத்தென்று தலையணையில் சாய்ந்தார். நர்ஸிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்கு வேற எந்தக் குறையும் இல்ல சிஸ்டர். லாரியைத் தம்பி பேருக்கு மாத்திக் குடுத்தாச்சு. மாப்பிள்ளை கையில என் வாட்சைக் கட்டிவிட்டாச்சு. பேசாம இருந்த அண்ணன்கிட்டகூட போன் போட்டுப் பேசியாச்சு. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு இவளுக்கும் சொல்லிக் குடுத்தாச்சு. இதையும் பார்த்துட்டேன்னா, நாளைக்கு என்ன ஆனாலும் நிம்மதியாப் போய்ச் சேருவேன்.”

“ரொம்பத்தான் பேச வேண்டாம்” என்று சீறினார் மனைவி.

நர்ஸுக்கு வந்ததே கோபம்! இப்படியும் ஒரு கல்நெஞ்சுக்காரி இருப்பாளா? ரிமோட் அந்தம்மாவின் பைக்குள் இருந்தால் என்ன, தன்னிடம் போன் இல்லையா? சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, தொடரைத் தட்டிவிட்டு, லாரிக்காரரிடம் நீட்டினாள்.

“இந்தாங்க ஐயா, சத்தத்தைக் குறைச்சு வச்சுப் பாருங்க.”

அவர் கை நீள்வதற்குள், அந்தம்மா எழுந்து லபக்கென்று போனைப் பறித்துக்கொண்டார்.

“பார்த்தீங்கல்ல சிஸ்டர்? கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதே கதைதான்!”

“அம்மா, கொஞ்சம் வெளியே வாங்க” என்றாள் நர்ஸ்.

வராந்தாவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? அந்த மனுஷன் எவ்வளவு பயந்துபோய்க் கிடக்கிறாரு! தைரியம் சொல்ல வேண்டிய நீங்களே இப்படிப் பண்ணலாமா? அவரு அப்படி என்ன பெரிசாக் கேட்டுட்டாரு?”

அந்தம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஹாலில் மறுபடியும் ஓவென்று ஒரு கூச்சல். அந்தம்மாவின் தலை தன்னையறியாமல் அந்தப் பக்கம் திரும்பி, சட்டென்று மீண்டது.

“நானும்தான் சிஸ்டர் பார்க்கல. எனக்கும் ஆசை இருக்காதா? ரெண்டு சீசனும் அவரு லோடு இறக்கிட்டு வர்ற வரைக்கும் காத்திருந்து, சேர்ந்துதான் பார்த்தோம். அவரு இல்லாம ஒரு எபிசோடுகூட நான் பார்த்தது கிடையாது.”

“அப்புறம் என்னம்மா? இன்னிக்கும் சேர்ந்தே பார்க்க வேண்டியதுதானே?”

அந்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அறைக்குள் கேட்டுவிடாதபடி மெல்லச் சொன்னார்.

“லாரியைக் குடுத்துட்டாரு, வாட்சைக் குடுத்துட்டாரு, அண்ணன்கிட்டயும் ராசி ஆயிட்டாரு. அந்த மேஜர் பிழைச்சானா இல்லையான்னு மட்டும்தான் அவருக்கு இன்னும் தெரியாது. அதையும் பார்த்துட்டாருன்னா, நாளைக்குக் கண்ணு முழிக்க அவருக்கு என்னம்மா அவசரம்?”