இருநூற்றுப் பதிமூன்றாம் பக்கம்

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு துண்டுக் காகிதம்கூட இந்த ஆபீஸ்ல இருக்கக் கூடாது!"

சொன்னவர் டீம் லீடர். எதைக் கேட்டாலும் "கிளவுட்ல இருக்கு" என்பதால் அவருக்குக் 'கிளவுட் சார்' என்று பெயர். 'இனி இது காகிதமில்லா அலுவலகம்' என்ற அறிவிப்பை அச்சடித்து நாலு சுவரிலும் ஒட்டியிருந்தார்.

எல்லோரும் அக்காவின் மேசையைப் பார்த்தார்கள். ஆபீசுக்கே அவள் அக்கா. அங்கே மட்டும்தான் புரோகிராமிங் புத்தகங்கள் இருந்தன. தலையணை தலையணையாக ஒன்பது.

"அக்கா, இந்தக் காலத்துல புரோகிராம் எழுத யாராவது புத்தகம் படிப்பாங்களா? எல்லாம்தான் நெட்ல இருக்கே!"

"நெட்ல தேடினது கிடைக்கும் சார். புத்தகத்துல தேடாததும் கிடைக்கும்."

"பழைய பேப்பர்காரர்கிட்ட போடுங்க, காசும் கிடைக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்களுக்குச் சம்பள உயர்வு வராது.

அக்கா ஒன்பதையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. "இன்னும் ஒரு புத்தகம் உள்ள வந்தா நான் வெளிய போகவேண்டியதுதான்" என்று கணவர் முன்பே எச்சரித்திருந்தார். இன்று சாயங்காலம் ஒன்பதும் எடைக்குத்தான் போகும்.

இவர்களுக்கு என்ன தெரியும்? கீபோர்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்து, முன்பக்கத்தில் ஒரு விரலும் பின்பக்கத்தில் ஒரு விரலுமாகப் படிக்கிற சுகம் தெரியுமா? நடுவில் விளம்பரம் குதிக்காது. சார்ஜ் தீராது. பத்து வருஷத்துக்கு முன் ஓரத்தில் 'இது புரியல' என்று பென்சிலால் எழுதியதை இன்று படித்து, "அட மக்கு" என்று தன்னையே செல்லமாகத் திட்டிக்கொள்ளலாம்.

அதனால்தான் அவள் மேசைப் பக்கம் யாரும் டம்ளரோடு வரக் கூடாது என்பது சட்டம். அப்படியும் இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் காலையில், அவளுக்கு உயிரான புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க வட்டமாகக் காபிக் கறை. ராத்திரியெல்லாம் பூட்டிக் கிடக்கும் ஆபீஸ். கடைசியாக அறையைப் பூட்டுவது துப்புரவு வேலை பார்க்கும் அம்மா.

"நீங்கதானே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள் அக்கா.

அந்த அம்மா வாயே திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அக்கா நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

பதினொரு மணிக்குப் போன் அலறியது. ஆஸ்பத்திரி வரவேற்பாளர்.

"சார், உங்க டோக்கன் புரோகிராம் முப்பத்தெட்டாவது ஆளை ஏத்தவே மாட்டேங்குது! ஊர் பூரா காய்ச்சல், வாசல்ல நூறு பேர் நிக்கறாங்க, என்னை அடிக்க வர்றாங்க!"

கிளவுட் சார் அவசரமாகக் கம்ப்யூட்டரைத் திறந்தார். "நானே சொந்த மூளையில எழுதினது, ஒரு வரிகூடக் காப்பி இல்ல" என்று போன மாதம்தான் அந்த புரோகிராமுக்காகக் கேக் வெட்டியிருந்தார். நெட்டில் தேடினார். அகப்படவில்லை.

"அக்கா, கொஞ்சம் பாருங்களேன்."

அக்கா பார்த்தாள். பட்டியலில் முப்பத்தேழு பேருக்குத்தான் இடம். முப்பத்தேழா? எங்கேயோ பார்த்த எண்ணாயிற்றே. தன் உயிரான அந்தப் புத்தகத்தை எடுத்து, காபிக் கறை பட்ட 213-ஆம் பக்கத்தைத் திறந்தாள். வரிக்கு வரி அதே புரோகிராம். பக்கத்தைப் புரட்டினாள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்ணை மாற்றினாள். ஐந்தே நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வரிசை நகர்ந்தது. பிறகு புத்தகத்தோடு அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"இதைக் கொஞ்சம் படிங்க சார்."

214-ஆம் பக்கத்தின் முதல் வரியை அவர் படித்தார்: 'முன்பக்கத்தில் நான் போட்டிருக்கும் 37 என் வீட்டுக் கதவு எண். வாசகர்கள் தங்களுக்கு வேண்டிய எண்ணைப் போட்டுக்கொள்ளவும்.'

அக்கா அவருடைய சொம்பு போன்ற காபிக் குவளையை எடுத்து, முன்பக்கத்துக் கறையின்மேல் வைத்தாள். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

"அவசரத்துல... அடுத்த பக்கத்தைப் புரட்டல," என்றார், தரையைப் பார்த்தபடி. "புத்தகமெல்லாம் இருக்கட்டும் அக்கா. வெளிய மட்டும் சொல்லிடாதீங்க."

புத்தகங்கள் தப்பிவிட்டன. ஆனால் அக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை, துப்புரவு அம்மாவைத் திட்டியதுதான் நினைவுக்கு வந்தது. அவரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். துப்புரவு அம்மா மாப்போடு நின்றிருந்தார்.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. கறை உங்களால இல்ல, சாராலதான். நானும் புரட்டிப் பார்க்காமலே உங்களைப் பேசிட்டேன்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம். எல்லாரும் போனப்புறம் சார் தினமும் உங்க சேர்ல உக்காந்து படிப்பாரே."

"தெரிஞ்சுமா ஏச்சு வாங்கிட்டு நின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அந்த அம்மா கிளவுட் சாரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பாவம் மேடம், மனுஷன் இப்பதான் படிக்க ஆரம்பிச்சிருக்காரு. சொன்னா வெக்கப்பட்டு விட்டுடுவாரேன்னுதான் வாயைத் திறக்கல."