முப்பது வருஷத்து எழுத்து

பொம்மை ரயில் பாதையோரம் வைக்க ஒரு பொம்மை ஆலை செய்தார்கள். அதன் சுவருக்குச் செங்கல் நிறம் பூசி, இடுக்குகளில் கரித்தண்ணீர் ஓடவிட்டார்கள். கடைசியாகத் தூரிகை சிவப்பில் எழுதியது: "மூடிய ஆலையைத் திற."

உடனே ஈரப் பஞ்சு வந்தது.

"என்னண்ணே, இப்பத்தானே எழுதினாங்க. அதுக்குள்ள அழிக்கிறீங்க?" என்றது சுவர்.

"அழிக்கலை தம்பி. எழுதி முப்பது வருஷம் ஆன மாதிரி மங்க வைக்கச் சொல்லியிருக்காங்க."

"அப்போ முப்பது வருஷமா யாருமே திறக்கலையா?"

பஞ்சு மெதுவாகத் தேய்த்தது. 'மூடிய' போயிற்று. 'ஆலையை' மங்கிற்று. 'திற' வந்ததும், தன் ஈரத்தையெல்லாம் மேசையில் வடித்துவிட்டு, அந்தச் சொல்லின்மேல் ஒப்புக்கு ஒருமுறை போய்வந்தது.