இரண்டாவது எண்

வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்து மல்லாந்து படுத்திருந்தாள் தவமணி.

விலா இடுக்கில் கருவியின் முனை தட்டியது. வலிக்கவில்லை. பிள்ளைகள் விளையாட்டுக்கு விரலால் சுண்டுவார்களே, அப்படி ஒரு தட்டு. அப்புறம் இன்னொன்று.

மூச்சை அடக்கி அடக்கி விட்டாள். பலமாக விட்டால் மெஷினின் கணக்குத் தப்பிவிடுமோ என்று பயம்.

போன தடவை இதே கட்டிலில்தான் மானம் போயிற்று. என்ன தட்டியும் திரையில் எண் நிற்கவில்லை. தோலுக்கடியில் அவ்வளவு கொழுப்பு. அதைத் தாண்டி ஈரலைத் தொட மெஷினால் முடியவில்லை.

"கொறச்சிட்டு வாங்கம்மா. அப்புறம் பாப்போம்" என்றாள் டாக்டர்.

குறைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

தவமணி எதையும் பேருக்குச் செய்கிறவள் இல்லை. சட்டியில் ஒட்டியதை வழித்துத் தின்றே வளர்ந்த உடம்பு அது. வீட்டில் யார் மிச்சம் வைத்தாலும் அது அவள் வயிற்றுக்குத்தான். பண்டத்தை வீணாக்க மனசு வராது. அப்பேர்ப்பட்டவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினாள். சோற்றைத் தள்ளி வைத்தாள். விடிந்ததும் நடந்தாள். பொழுது சாய்ந்ததும் நடந்தாள். மாட்டுத்தாவணி வரைக்கும் நடந்து போய், அத்தனை பஸ் நிற்கிற இடத்தில் ஒன்றிலும் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

தெருவுக்கே சிரிப்பு. "பேரன் எடுக்கிற வயசுல இடுப்பழகு கேக்குதாக்கும்" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

நடையை எட்டிப் போட்டாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள்.

ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்துப் போயின. வளையல் முழங்கைவரை ஏறியது.

மகள் தாரணியின் ஈரல் செத்துக்கொண்டிருந்தது.

அப்பனின் ரத்தம் சேரவில்லை. இறந்தவர்கள் தருகிற ஈரலுக்குப் பெயர் பதிந்தாகிவிட்டது. முன்னால் காத்திருக்கிற கூட்டத்தைப் பார்த்தால் அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. தாயின் ஈரலில் பாதியை எடுத்து வைத்தால் பிள்ளை பிழைக்கும்.

பெற்றவளிடம் இதையெல்லாம் கேட்கவா வேண்டும்? பாதி என்ன கணக்கு, முழுசாவே எடுத்துக்கங்க என்று முதல் நாளே சொன்னவள் அவள்.

தட்டு நின்றது.

மெஷின் தானே கணக்குப் போட்டு இரண்டு எண்களைக் காட்டியது. டாக்டர் முதல் எண்ணைத் தொட்டாள்.

"கொழுப்பு எவ்வளவு கொறஞ்சிருக்கு பாருங்க. இப்படி யாரும் கொறச்சு நான் பாத்ததில்லம்மா."

தவமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. திருப்பரங்குன்றத்தானே என்று வாய்க்குள் சொன்னாள். தூக்கிய கையை இறக்கக்கூடத் தோன்றவில்லை.

இரண்டாவது எண் ஈரலின் தழும்புக்கு உரியது.

டாக்டர் அதைப் பார்த்தாள். முனையைத் திரும்ப வைத்துத் தட்டினாள். அதே எண். கொஞ்சம் தள்ளி வைத்துத் தட்டினாள். அதே எண்தான்.

"போன தடவ கொழுப்பு மறச்சிருச்சும்மா. இப்பத் தெளிவாத் தெரியுது."

ஈரல் இறுகிப்போயிருந்தது. காலம் காலமாகக் கொழுப்பு குடியிருந்த இடமெல்லாம் தழும்பு. அதில் பாதியை அறுத்துக் கொடுத்தால் கொடுத்தவளும் பிழைக்கமாட்டாள், வாங்கியவளும் பிழைக்கமாட்டாள்.

"இன்னுங் கொஞ்சம் மெலிஞ்சா?"

தழும்பும் குறையலாம் என்றாள் டாக்டர். அதற்கு வருசங்கள் ஆகும்.

தாரணிக்கு ஏது வருசம்.

நீங்களும் இனி வைத்தியம் பார்க்கவேண்டும், சாப்பாட்டில் இதே கட்டுப்பாடு இருக்கட்டும் என்று டாக்டர் மேலும் ஏதேதோ சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவளுக்குச் சொல்வதுபோல இருந்தது.

மெலியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். எண் நிற்காமல் இருந்தவரைக்கும் ஒரு வழி இருந்தது. அந்த வழியை நடந்து நடந்து அவளே தேய்த்துவிட்டாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பெஞ்சில் தாரணி உட்கார்ந்திருந்தாள். கண் மஞ்சள். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பி நின்றது.

"என்னம்மா சொன்னாங்க?"

"கொழுப்பெல்லாம் போயிருச்சாம்."

பொய்யில்லை.

தாரணி சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து எவ்வளவோ நாளாயிற்று. மடியில் இருந்த கேன்டீன் பொட்டலத்தைப் பிரித்தாள். உளுந்தவடை. எண்ணெய் காகிதத்தை நனைத்திருந்தது.

"பாஸாயிட்டேல்ல. இந்தா."

வேண்டாம் என்பாள் என்று தெரிந்தே நீட்டினாள். இந்த மாதங்களில் தாய்க்கும் மகளுக்கும் இது ஒரு விளையாட்டாகிவிட்டது. மகள் எதையாவது நீட்டுவாள். "ஒனக்குக் குடுத்துட்டுத் திங்கிறேன்டி" என்று தாய் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காதுகுத்து விருந்தில்கூடப் பாயசத்தை அப்படித்தான் தள்ளினாள்.

தவமணி வடையை வாங்கிக்கொண்டாள்.

பிட்டு வாயில் போட்டாள். இன்னொரு விள்ளல். மென்றாள். எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே முழுசையும் தின்று முடித்தாள். கை தானாகவே அடுத்த வடைக்குப் போயிற்று.

தாரணியின் சிரிப்பு நின்றிருந்தது.

தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து அம்மாவிடம் கொடுத்தாள்.