நாற்பத்தேழாம் சீட்டு

புயல் வீட்டுக் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போய் இன்றோடு ஒன்பது நாள். இலையுதிர்ந்த சீமைப்பலா மரங்களுக்கு நடுவே, ஜெரெமி நகரப் பள்ளி மைதானத்தில் வெயில் வெள்ளையாகக் கொட்டுகிறது. தார்ப்பாய்க்கான வரிசையில் ஃபிலோமென் நிற்கிறாள். கையிலுள்ள நாற்பத்தேழாம் எண் சீட்டு வியர்வையில் துவண்டிருக்கிறது. பிறவியிலேயே காது கேளாதவள். பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். ஆனால் நிவாரண லாரியின் மேல் நின்று எண்களைக் கூப்பிடும் விஸ்லினின் வாயை ஒலிபெருக்கி மறைத்திருக்கிறது. எண்கள் வரிசையாகவும் வரவில்லை போலும். முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும் நீலத் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறார்கள். கடைசியில் அவள் மட்டும் மிஞ்சுகிறாள். லாரியருகே போய்ச் சீட்டை நீட்டுகிறாள். விஸ்லின் ஒலிபெருக்கியை இறக்குகிறான். இப்போதுதான் அவன் உதடு தெரிகிறது.

“நாப்பத்தேழா? மூணு தடவ கூப்பிட்டேனேக்கா! எங்க போயிருந்த?”

அவள் காதைத் தொட்டுக் காட்டுகிறாள். அவன் முகம் வாடிவிடுகிறது.

“ஐயோ... ஆள் வரலன்னு வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டேனே.”

அவள் இரு கைகளையும் தலைக்கு மேல் கூரையாகக் கூப்பி, விரித்துவிடுகிறாள். பிறகு மூன்று பிள்ளைகளின் உயரத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறாள். அவன் வெறும் லாரியைத் திரும்பிப் பார்க்கிறான். அவசரமாக ஒரு படிவத்தை எடுத்து, பட்டியலில் நாற்பத்தேழுக்கு நேரே இருக்கும் அவள் பெயரைப் பார்த்து எழுதி, ‘காது கேளாதோர்’ என்ற கட்டத்தில் குறியிட்டு அவளிடம் காட்டுகிறான்.

“பேரு ஏறிருச்சுக்கா. இனிமே உன்ன விட்டுற மாட்டாங்க.”

மலைப்பக்கம் மேகம் கறுக்கிறது. அவன் எதிர்பார்த்து நிற்கிறானே என்பதற்காக அவள் தலையாட்டுகிறாள்.