தேர்வடம்

பிரஷர் சரியாக இருந்தால்தான் மங்கையர்க்கரசியின் பெயர் மாவட்டக் குண்டு எறிதல் போட்டிக்குப் போகும். பத்தாம் வகுப்பு, தொண்ணூற்றிரண்டு கிலோ. வகுப்பறையில், எல்லார் முன்னாலும், நர்ஸ் எஸ்தர் அவள் கையில் பிரஷர் கருவியின் பட்டையைச் சுற்றினாள். பாதரசம் நூற்றிருபதில் சாதுவாக நின்றது.

“பட்டை பத்துதா சிஸ்டர்? தேர்வடம் கொண்டாரச் சொல்லவா?” என்றார் பி.டி. மாஸ்டர் துரைப்பாண்டி.

நூற்றறுபது.

“பேசாதீங்க சார்” என்றாள் எஸ்தர்.

“நானா பேசுறேன்? அவ தின்ன புரோட்டா பேசுது.”

வகுப்பே சிரித்தது. பாதரசம் கண்ணாடியை உடைத்து, கூரை ஓட்டைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. நம்பாதவர்கள் மழைக்கு வந்து பாருங்கள், அங்கேதான் ஒழுகுகிறது.

மாஸ்டர் பட்டியலில் அவள் பெயரை அடித்தார். எஸ்தர் இன்னொரு கருவியை எடுத்து வைத்தாள். மங்கையர்க்கரசி அதன் பட்டையை வாங்கிக்கொண்டு மாஸ்டருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“கையை நீட்டுங்க சார். இப்ப நான் பேசுறேன்.”